கடைசி வரியைப் படித்தவன்

அத்தியாயம் 9

ஆறு நாளாயிற்று. டாக்டரம்மா கேட்ட கேள்வி அளவக்காவின் நெஞ்சில் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டு நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

போன வார அத்தியாயத்தில் நீங்களும் கூடத்தானே இருந்தீர்கள்? "ரெண்டு கண்ணுலயும் அழுத்தம் கூடியிருக்கு. குளுக்கோமா. கீழ்ப் பக்கம் கொஞ்சம் பார்வை போயிருக்கு. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம்" என்றார் அவர். அதைக்கூட அளவக்கா தாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் சீட்டு எழுதிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக அவர் கேட்டதுதான் ஆளை ஆட்டிவிட்டது.

"கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? இருந்தா சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. இது குடும்பத்துல வரும்."

இருக்கிறான். ஒரே ஒரு தம்பி. இதே ஊரில், மூன்று நிறுத்தம் தள்ளி. அவன் இவளோடு பேசி இரண்டரை வருஷம் ஆகிறது. போன் நம்பரைக்கூட மாற்றிவிட்டான்.

அளவக்கா என்பது கடையில் ஒட்டிக்கொண்ட பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருஷமாகக் கண் அளவு பார்க்கிறாள். ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, "இது தெரியுதா? இதைவிட அது தேவலையா?" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரைக் கேட்பவள். சரி, அவள் கண்ணை யார் பார்ப்பது? அவளேதான். வருஷத்துக்கு ஒரு தடவை கடை சாத்தும் முன்பு அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே எழுத்துப் பலகையைப் படித்து, கடைசி வரி தடங்கலில்லாமல் வந்ததும் "நமக்கு ஒன்றுமில்லை" என்று எழுந்து போவாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள் அந்தப் பலகையை! அதை வைத்துத் தனக்கே பரீட்சை வைத்துக்கொண்டு, தானே பாஸும் போட்டுக்கொண்டாளே, இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? படியில் இரண்டு தடவை உருண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போனாள்.

ஆறு நாளாக இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கிறாள் என்று நினைக்காதீர்கள், சொல்ல ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா "என்ன, முகம் வாடியிருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் கொட்டிவிடலாம் என்று இரண்டு நாள் வாசலில் போய் நின்று பார்த்தாள். அந்தம்மா "உங்க வீட்ல தண்ணி வருதா?" என்று மட்டும் கேட்டாள். வருகிறது என்று சொல்லிவிட்டு அளவக்கா உள்ளே வந்துவிட்டாள்.

இன்று காலை கடையில் முதல் ஆள் ஓர் அம்மா, பத்து வயதுப் பெண்ணோடு.

"கண்ணாடி போட்டா கண்ணு சோம்பேறி ஆயிடுமாமே? அப்புறம் பவர் ஏறிட்டே போகுமாமே?"

"செருப்பு போட்டா கால் சோம்பேறி ஆயிடுமா? போடலேன்னா இவ பாவம், பக்கத்துப் பொண்ணு நோட்டைப் பார்த்து எழுதிட்டிருப்பா. கண்ணாடியால பவர் ஏறாது. வளர்ற வயசு, அதனால ஏறும்."

"மங்கல் வெளிச்சத்துல படிச்சுப் படிச்சுத்தான் கண்ணைக் கெடுத்துக்கிட்டா."

"கண்ணு களைக்கும், தலை வலிக்கும். அதனால கெட்டுப் போகாது. தினம் ரெண்டு மணி நேரம் வெளிய வெளிச்சத்துல விளையாட விடுங்க. அது நிஜமாவே நல்லது."

"ஒரு வருஷமா கேரட் குடுக்கறேன். ஒண்ணும் குறையலையே?"

"கேரட் உடம்புக்கு நல்லது. பவரைக் குறைக்காதும்மா."

"அப்ப இனிமே வேணாமா?" என்று குதித்தது பெண். அளவக்காவுக்கு ஆறு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

அடுத்து வந்தவர் கூரியர் ஆபீஸ் மேனேஜர். ஐம்பது வயதிருக்கும். படிக்கிற கண்ணாடி உடைந்துவிட்டதாம். நாற்காலியில் உட்கார்ந்ததும் பலகையைக் கடகடவென்று படித்து, கடைசி வரியை மட்டும் கொஞ்சம் உரக்கவே படித்தார்.

"எங்க அண்ணனுக்கு ஏதோ கண் அழுத்தமாம். என்னையும் போய் டாக்டரைப் பாருன்னு உயிரை எடுக்கறான். நான் கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டேன். வலியும் இல்ல, சிவப்பும் இல்ல. நீங்களே சொல்லுங்க, எனக்கு எதுக்கு டாக்டர்?"

அளவக்கா கையிலிருந்த லென்ஸை மேஜையில் வைத்தாள்.

இதே நாற்காலி. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் இதில் உட்கார்ந்திருந்தவன் தம்பி. பத்தொன்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவன். ஒரு திருப்பத்தில் இடது பக்கம் வந்த சைக்கிள்காரரை இடித்துவிட்டான். அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. "அங்க சைக்கிளே இல்ல" என்று தம்பி சாதித்தான். "என் கண்ணுல ஏதோ இருக்குக்கா. டாக்டரைப் பார்க்கட்டுமா?" என்று இவளிடம்தான் வந்து கேட்டான். இவள் பலகையைக் காட்டினாள். அவன் கடைசி வரி வரை படித்தான். "கண்ணு இருபது வயசுப் பையன் கண்ணு மாதிரி இருக்கு. டாக்டர் எதுக்கு?" என்று சொல்லி, ஆபீசில் கேட்ட சீட்டையும் கடைத் தாளில் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தாள். 'இரு கண்களிலும் குறையில்லை.' அதோடாவது நிறுத்தினாளா? அன்று சாயங்காலம் அவன் வீட்டில், மனைவி எதிரிலேயே, "கண்ணுல குறை இல்லடா, கவனத்துலதான் குறை" என்றாள்.

அந்தச் சீட்டை வைத்துத்தான் ஆபீசில் முடிவெடுத்தார்கள். கண் நன்றாக இருக்கிறது என்றால் ஆள் பொய் சொல்கிறான் என்றுதானே அர்த்தம்? வண்டியைப் பிடுங்கிக்கொண்டு பஸ் கழுவுகிற இடத்தில் தள்ளினார்கள். "எல்லாரும் என்னைப் பொய்யன்னு சொன்னாங்க. நீ எழுதியே குடுத்துட்ட" என்றான் தம்பி. அதுதான் அவன் இவளிடம் கடைசியாகப் பேசியது.

"என்னம்மா, பதிலைக் காணோம்?" என்றார் மேனேஜர்.

"போங்க சார். இன்னைக்கே போய் டாக்டரைப் பாருங்க. இந்தப் பலகை நேரா இருக்கறதைத்தான் பார்க்கும், ஓரத்தைப் பார்க்காது. அண்ணனுக்கு இருந்தா உங்களுக்கும் வரலாம். வலிச்சுக்கிட்டு வர்ற வியாதி இல்ல அது."

அவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்க, அளவக்கா முதலாளியிடம் போய் அரை நாள் லீவு கேட்டாள். வழிப்போக்கருக்கு வாய் கிழியச் சொல்லத் தெரிகிறது, சொந்தத் தம்பிக்குச் சொல்ல ஆறு நாளா? அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"எங்க போறீங்க அளவக்கா?" என்றார் முதலாளி.

"தம்பி வீட்டுக்கு."

"அட, பேச்சு வார்த்தை ஆயிடுச்சா?"

"ஆகல. அதுக்குத்தான் போறேன்."

தம்பி மனைவி துணி தைக்கிறவள். கதவு திறந்தே இருந்தது. மெஷினிலிருந்து கால் எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அண்ணிக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. அளவக்கா கதவருகிலேயே நின்றாள்.

"அவன் இல்லையா?"

"டிப்போல பஸ் கழுவிட்டிருக்கார். எல்லாம் உங்க புண்ணியம்."

"அவன் கண்ணு எப்படிம்மா இருக்கு?"

"கண்ணுக்கு என்ன? எனக்கு ஊசிக் காது தெரியல, அவர்தான் நூல் கோத்துக் குடுக்கறார். ஒரே தடவையில கோத்துடுவார். உங்க சீட்டுல நீங்க எழுதினது சரிதான், போதுமா?"

"இடது பக்கம் எதுலயாவது இடிச்சுக்கறானா?"

மெஷின் நின்றது. தம்பி மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகப் பேசினாள்.

"அந்தக் கதவு நிலையில தினம் ஒரு இடி. தோள்பட்டை கன்னிப் போயிருக்கு. இடது பக்கம் டம்ளரை வெச்சா தட்டி விட்டுடறார். காபி, தண்ணி, எல்லாம்."

"எவ்வளவு நாளா?"

"வேலை போன கோபத்துல தட்டி விடறார்னு நினைச்சேன் அண்ணி. 'கோபத்தை என் மேல காட்டுங்க, காபி மேல ஏன் காட்டறீங்க'ன்னு சண்டை போட்டு, மூணு மாசம் நான் பேசாம இருந்தேன். அவரும் எதுவும் சொல்லல." அவள் குரல் உடைந்தது. "கோபம் இல்லையா அது?"

அளவக்கா உள்ளே போய் அவள் பக்கத்தில் கீழே உட்கார்ந்தாள். யாரும் வரச் சொல்லவில்லைதான். இந்த நேரத்தில் அதையெல்லாம் பார்க்க முடியுமா? அலமாரியில் ஒரு சொட்டு மருந்துப் புட்டி இருந்தது. கண் சிவந்தால் விடுவதற்கு மருந்துக் கடையில் அவர்களாகக் கேட்டு வாங்கியதாம். மாசக் கணக்காக விடுகிறார்களாம்.

"இதை இனிமே விடாதே. டாக்டர் எழுதாத சொட்டு மருந்து சிலது அழுத்தத்தையே ஏத்திவிடும்" என்று சொல்லிப் புட்டியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இன்னைக்கே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"நான் கூப்பிட்டா வர மாட்டார்." தம்பி மனைவி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கூப்பிட்டா கண்டிப்பா வர மாட்டார்."

டிப்போவின் பின்பக்கம் பஸ் கழுவுமிடம். ஐந்து பஸ் வரிசையாக நின்றது. மூன்றாவதன் முகத்தில் தம்பி ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். முழங்கால் வரை பூட்ஸ். முன்னந்தலையில் முடி கொட்டியிருந்தது. அது எப்போது கொட்டியது என்று இவளுக்குத் தெரியாது.

பக்கத்தில் போய் நின்றாள். கை நீட்டினால் தொடலாம். அவன் திரும்பவில்லை.

பார்த்துவிட்டுத்தான் பார்க்காத மாதிரி இருக்கிறான், வைராக்கியக்காரன், என்று நினைத்தாள். கூப்பிடலாம். கூப்பிட்டும் திரும்பாவிட்டால்? அந்த அவமானத்தை எங்கே கொண்டு வைப்பது? சின்ன வயதில் அம்மா இல்லாத வீட்டில் இவனுக்குத் தலை வாரிவிட்டவள், இப்போது ஒரு பார்வைக்காக ஈரத்தரையில் காத்து நின்றாள். தண்ணீர் தெறித்துப் புடவை நனைந்தது. போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

அப்போது தம்பி பிரஷ்ஷுக்காகக் கையை நீட்டினான். பிரஷ் பஸ் படியில், அவனுக்கு இடது பக்கம் இருந்தது. கை காற்றில் தடவியது. தகரத்தைத் தட்டியது. மறுபடி தடவியது. பிறகு தலையை முழுக்கத் திருப்பி, பிரஷ்ஷைப் பார்த்து எடுத்தான்.

அவ்வளவுதான், அளவக்காவுக்கு விளங்கிவிட்டது. இவ்வளவு நேரமும் அவள் நின்றதும் அந்த இடது பக்கம்தான். இவன் என்னைப் பார்க்காத மாதிரி நடிக்கவில்லை, இவனுக்கு நான் இங்கே இல்லவே இல்லை.

"டேய்."

தம்பி துள்ளி விழுந்தான். குழாய் கையிலிருந்து நழுவித் தரையில் நெளிந்தது.

"நீ... எப்ப வந்த?"

"பத்து நிமிஷம் ஆச்சு."

"எங்க நின்ன?"

"இங்கதான். இதே இடத்துல."

அவன் முகம் ஒரு கணம் தடுமாறியது. உடனே இறுகிக்கொண்டது. குனிந்து குழாயை எடுத்தான்.

"எதுக்கு வந்த?"

"கண்ணைக் காட்டணும், வா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"என் கண்ணுக்கு என்ன? சர்டிபிகேட்டே இருக்கே எங்கிட்ட! ரெண்டு கண்ணுலயும் குறையில்ல, கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருக்கு. யார் எழுதினதுன்னு மறந்துட்டியா?"

"நான் எழுதினதுதான். தப்பா எழுதிட்டேன்."

"அதோ பாரு." ஈரக் கையை நீட்டிக் காம்பவுண்டுக்கு அப்பால் காட்டினான். "பெயின்ட் கடை போர்டு. அடியில பொடி எழுத்துல 'ஞாயிறு விடுமுறை'ன்னு எழுதியிருக்கு. உனக்குத் தெரியுதா?"

"தெரியல."

"எனக்குத் தெரியுது. ஆஸ்பத்திரிக்கு நீ போ."

நேராக இருப்பதெல்லாம் அவனுக்குப் பளிச்சென்று தெரிகிறது. அதனால்தான் அவனும் ஏமாந்தான், நானும் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? அளவக்கா பையைக் கீழே வைத்தாள். அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"ஒரே ஒரு நிமிஷம். என் மூக்கையே பாரு. கண்ணை அசைக்கக் கூடாது. எத்தனை விரல்னு சொல்லிடு, நான் பேசாம போயிடறேன்."

"போயிடுவியா?"

"போயிடறேன்."

அவனுக்கு வலது பக்கமாகக் கையை நீட்டினாள். "ரெண்டு" என்றான். "இப்போ மூணு." கையை இறக்கிவிட்டு, மற்றக் கையை அவனுக்கு இடது பக்கமாகத் தூக்கினாள்.

தம்பி அவள் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ம், காட்டு."

அவள் தூக்கிய கையை இறக்கவில்லை.

"காட்டுன்னு சொல்றேன்ல? எவ்வளவு நேரம் நிக்கறது? பஸ் கழுவ வேணாமா?"

"காட்டிட்டுத்தாண்டா இருக்கேன்."

அவன் தலையைத் திருப்பினான். ஐந்து விரலும் விரிந்து அவன் காதுக்குப் பக்கத்தில் நின்றன. பார்த்துக்கொண்டே இருந்தான். குழாய்த் தண்ணீர் இரண்டு பேர் காலடியிலும் வீணாக ஓடியது.

"சைக்கிளும் இப்படித்தான் இருந்துதா?" என்றான் கடைசியில்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "ரெண்டரை வருஷம் இல்லாத ஞானம் உனக்கு இப்ப எங்கேர்ந்து வந்துது?"

"அப்பாவை நினைச்சேன். கடைசியில சுவரைத் தடவிக்கிட்டே நடந்தாரே. வயசானா அப்படித்தான்னு விட்டுட்டோம்."

பொய் இல்லை, ஆனால் முழு நிஜமும் இல்லை. எனக்கு வந்திருக்கிறது என்று சொன்னால் பரிதாபப்பட்டு வருவான். அப்படி வர வேண்டாம் என்று ஒரு பிடிவாதம் அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் படிவம் கொடுத்தார்கள். அளவக்காவே நிரப்பினாள். 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் நிதானித்தது. இன்னொரு தடவை எழுதச் சொன்னாலும் எழுதியிருப்பாள்.

பக்கப் பார்வை சோதனை ஒரு சின்ன இருட்டறையில். வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து நடுவிலிருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கே இங்கே வெளிச்சப் பொட்டு வரும். தெரிந்தால் கையிலிருக்கும் பித்தானை அழுத்த வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் அளவக்கா உட்கார்ந்திருந்தாள். பித்தான் சத்தம் நன்றாகக் கேட்டது.

டிக். டிக். டிக்.

வலது கண்ணுக்குப் பரவாயில்லை. அங்கங்கே இடைவெளி விட்டாலும் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. இடது கண்ணுக்கு மாற்றினார்கள். ஒரு டிக். அப்புறம் ஒன்றுமில்லை. அழுத்துடா, என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து ஒரு டிக். மறுபடி ஒன்றுமில்லை. உள்ளே வெளிச்சம் வந்து வந்து போய்க்கொண்டிருக்கிறது, அவன் பாட்டுக்குச் சமர்த்தாக அடுத்ததற்குக் காத்திருக்கிறான். அளவக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் அந்த மௌனத்தைக் கேட்டு அழுதவள் அவள் ஒருத்திதான்.

டாக்டரம்மா அழுத்தம் பார்த்தார், நரம்பைப் பார்த்தார், பிறகு தாளை மேஜையில் விரித்தார். இடது கண் படத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. வலது கண் படத்தில் மூக்குப் பக்கம் ஒரு கறுப்புத் திட்டு.

"இந்தக் கறுப்புதான் உங்களுக்குத் தெரியாத இடம். ஆனா நீங்க அதைக் கறுப்பாப் பார்க்க மாட்டீங்க. மூளை பக்கத்துல இருக்கறதை வெச்சு ஒட்டுப் போட்டுடும். பக்கத்துல சுவர் இருந்தா சுவர், ரோடு இருந்தா ரோடு."

"ரோடுதான் டாக்டர்" என்றான் தம்பி. "அங்க வெறும் ரோடுதான் இருந்துது. எத்தனை பேர்கிட்ட சொன்னேன்!"

"மிச்சத்தை இப்படியே நிறுத்த முடியும். தினம் சொட்டு மருந்து விடணும், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. வண்டி மட்டும் ஓட்டக் கூடாது. அக்காவுக்குக் கீழ்ப் பக்கம், உங்களுக்கு இடது பக்கம். ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துதான் எழுதறேன்."

தம்பி மெதுவாகத் திரும்பி அளவக்காவைப் பார்த்தான். அவள் தன் கைப்பையின் வாரைப் பார்த்தாள்.

"ரெண்டரை வருஷம் முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டான். கேட்டது டாக்டரை. பார்த்தது அக்காவை.

"அப்ப எவ்வளவு போயிருந்துதுன்னு இப்ப சொல்றது கஷ்டம்..." என்று இழுத்தார் டாக்டரம்மா.

"இவ்வளவு போயிருக்காது" என்றாள் அளவக்கா. "வந்திருந்தா நின்னிருக்கும். நான்தான் வேணாம்னு சொன்னேன்."

சொல்லிவிட்டதால் பாரம் இறங்கியதா என்றால் அதுவும் இல்லை, இன்னும் ஏறித்தான் உட்கார்ந்தது.

வெளியே நிறுத்தத்தில் இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் மருந்துப் பை.

"அந்தச் சைக்கிள்காரரை ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தேன்" என்றான் தம்பி திடீரென்று. "கட்டுப் போட்ட காலோட படுத்திருந்தார். 'எங்கேர்ந்துய்யா வந்து விழுந்த? என் பொழப்பைக் கெடுத்துட்டியே'ன்னு கத்தினேன்க்கா. அவர் பொண்டாட்டி பக்கத்துல நின்னு அழுதுட்டிருந்தாங்க."

அவனறியாமல் வந்துவிட்ட அந்த 'அக்கா'வை இவள் கவனித்தாள். அதற்காகச் சந்தோஷப்படுகிற நேரமா இது?

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"போன வாரம்."

"டெஸ்ட்டுக்கு யார் கூட வந்தா?"

"யாரும் வரல."

"படிவத்துல கேப்பாங்களே?"

"கோடு போட்டேன்."

தம்பி நடுவிலிருந்த மருந்துப் பையை நேராக்கி வைத்தான். பிறகு, "எனக்கு ஒரு தாள் வேணும்" என்றான்.

"என்ன தாள்?"

"வண்டி கேக்கல. இனிமே குடுத்தாலும் ஏற மாட்டேன். ஆனா நான் பொய் சொல்லலன்னு ஒருத்தராவது எழுதித் தரணும். நீ எழுதினதைத்தான் அங்க ஃபைல்ல வெச்சிருக்காங்க. நீதான் மாத்தி எழுதணும்."

அளவக்கா பையிலிருந்து கடைத் தாளை எடுத்தாள். தொடையில் வைத்து அங்கேயே எழுதினாள். 'நான் அன்று பார்த்தது நேர்ப் பார்வை மட்டும். பக்கப் பார்வையை நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்கிற படிப்போ கருவியோ என்னிடம் இல்லை. குறையில்லை என்று நான் எழுதியது தவறு. சைக்கிள் தெரியவில்லை என்று அவர் சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும்.' கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

அவன் தலையைச் சாய்த்து ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

"முத்திரை?"

"முதலாளிகிட்ட இருக்கு. காலையில கேக்கணும்."

"போட்டா கடை பேர் கெட்டுடும். போடுவாரா?"

"தெரியல."

"உன்னை வேலைக்கு வெச்சுப்பாரா?"

"அதுவும் தெரியலடா."

அவன் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். முத்திரையோடு வாங்கிக்கொள்வானாம். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வா என்றும் சொல்லவில்லை. சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பச்சைப் பொய். எதிர்பார்த்தாள்.

"உனக்கு மருந்து யார் விடறா?" என்றான்.

"நானேதான். அண்ணாந்து பார்த்து விட்டுப்பேன். பாதி கன்னத்துல வழிஞ்சிடும்."

"வழிஞ்சா எப்படி? ஒரு நாள்கூடத் தவறக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?" அதட்டினான். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, "ஒன்பது மணிக்கு போன் பண்றேன். விட்டாச்சான்னு மட்டும் கேப்பேன். வேற எதுவும் பேச மாட்டேன், சொல்லிட்டேன்" என்றான்.

"சரி."

"நம்பர் சொல்லு. நான் அழிச்சிட்டேன். அவகிட்டயும் அழிக்கச் சொல்லிட்டேன்."

"உன் நம்பரைக் குடேன், நானே..."

"வேணாம். நான்தான் பண்ணுவேன்."

கூடப் பிறந்தவனுக்கு அளவக்கா தன் நம்பரைச் சொன்னாள், முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்வது போல, ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி. அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி அழுத்திக்கொண்டே வந்தான். இன்னும் இரண்டு எண் பாக்கி. அவனுடைய பஸ் வந்துவிட்டது. கூட்டம் அவனை அள்ளி ஏற்றிக்கொண்டது. ஜன்னலோரம் அவன் தலை தெரிந்தது, போனைக் கையில் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு, ஏழு!" என்று அளவக்கா கத்தினாள். "கடைசியில நாலு, ஏழுடா!"

பஸ் நகர்ந்தது. அவள் கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள். அவள் இருந்தது அவனுக்கு இடது பக்கம். கையை ஆட்டிப் பிரயோசனமில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் இன்னும் உரக்கக் கத்தினாள்.